ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கரண்டி கச்சான்

நான் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கிறவன். என் மகளுக்குக் கச்சான் ஆகாது. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகளே, நீங்களும் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மகள் தவழ்ந்து திரிந்த காலத்தில் யாரோ ஆசையாகக் கொடுத்த கச்சான் அல்வாவில் ஒரு துணுக்கை வாயில் வைத்தாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சும் இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்தால் வெளிப் பைப்பில் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். மழை பெய்தாலும் அப்படித்தான்.

பிறகு தம்பி பிறந்தான். அவனுக்குச் சோறு ஊட்டத் தொடங்கும் வயது வந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கச்சான் குடுக்கத் தொடங்குங்க" என்றார்.

"யாருக்கு டாக்டர், இவருக்கா?" என்று என் மனைவி என்னைக் காட்டினாள்.

"புள்ளைக்கு. முழுசா குடுக்காதீங்க, தொண்டையில சிக்கும். நைசா அரைச்சு, தண்ணியாக் கரைச்சுக் குடுங்க."

"அக்காவுக்கு வந்தது இவனுக்கும் வந்தா?"

"வரக்கூடாதுன்னுதான் இப்பவே குடுக்கச் சொல்றேன்."

அவர் விளக்கியதை நான் எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். நான் தம்புள்ளை மொத்தச் சந்தையில்தான் கச்சான் மூட்டை எடுப்பேன். சந்தைக் கேட்டில் ஒரு காவல்காரர் இருக்கிறார். முன்வாசலால் முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு வருகிற லொறியை, "அட, நம்ம ஆளு" என்று விட்டுவிடுவார். அதே கோவாவை ஒருவன் தூக்கிக்கொண்டு பின்மதில் ஏறிக் குதித்தால், தடியை எடுத்துக்கொண்டு துரத்துவார். கோவா என்ன பாவம் செய்தது? வந்த வழிதான் பிழை.

குழந்தையின் உடம்புக்குள்ளும் இப்படிக் காவல்காரர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் புதியவர்கள். யார் விருந்தாளி, யார் திருடன் என்று அப்போதுதான் படிக்கிறார்கள். வாய் வழியாக வயிற்றுக்குப் போவது முன்வாசல். அந்த வழியால் சின்ன வயதிலேயே அடிக்கடி வருகிற சாப்பாட்டைப் பெரும்பாலும் நம்ம ஆள் என்று பழகிக்கொள்வார்கள். கரப்பான் என்கிற சொறி வந்து வெடித்த தோல்தான் பின்மதில். மகளுக்குக் கைக்குழந்தையில் கரப்பான் அதிகம். வாயில் கச்சான் படுவதற்கு முன்பே, வீட்டில் பறந்த கச்சான் தூள் அந்தத் தோல் வழியாகப் போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். எல்லா உடம்பும் ஒன்றல்ல.

தம்பிக்குக் கரப்பான் இல்லை என்பதால் வீட்டிலேயே கொடுக்கலாம் என்றார். ஆனால் எனக்குத் தைரியம் வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கொடுப்போம். ஏதாவது ஆனால் ஒரே ஓட்டம்.

மனைவியின் அண்ணன் ஆட்டோ கொண்டுவந்தார். வழியில் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். ஆஸ்பத்திரி மதிலோரம் ஆட்டோவை நிறுத்தியதும், மகளைத் தூரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தோம். அவள் அங்கிருந்தே கத்தினாள்: "அப்பா, குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல!"

"இப்ப?"

தம்பிக்குக் கரண்டி நுனியில் கொஞ்சம் வைத்தேன். சப்புக்கொட்டினான். நாங்கள் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். இளநீர் விற்பவர் வந்து எட்டிப்பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். காவலாளி வந்து, "மொகத மே?" என்று சிங்களத்தில், இது என்ன என்று விசாரித்தார்.

"புள்ளைக்குக் கச்சான் குடுக்கிறாங்களாம்," என்றார் இளநீர்க்காரர்.

"அதுக்கு ஏன் ஆஸ்பத்திரி?" என்றாள் ஒரு அம்மா. "இவரு பஸ் ஸ்டாண்டுல கச்சான் விக்கிறவருதானே? சொந்தச் சரக்கு மேலயே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே மச்சான் அலறினார்: "மாப்ள! கன்னம்! கன்னம் செவந்திருச்சு!"

பார்த்தேன். வலது கன்னம் சிவப்பு. இடது கன்னமும் சிவந்துகொண்டே வந்தது. பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் கச்சான் கிண்ணத்தோடு மனைவி, அவள் பின்னால் மச்சான், காவலாளி, கையில் கத்தியோடு இளநீர்க்காரர். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி முதலில் கத்தியைத்தான் பார்த்தார்.

"யாருக்கு வெட்டு?"

"வெட்டு இல்ல மிஸ்ஸி, கச்சான்!"

மிஸ்ஸி தம்பியை வாங்கினார். வாயைத் திறந்து பார்த்தார், மூச்சைக் கவனித்தார், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். பஞ்சை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தார். சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது.

"இது கோயில் குங்குமம்," என்றார். "வேர்வையில கரைஞ்சிருக்கு. புள்ள கையால தேச்சிருக்கான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார்.

"மிச்சத்த இங்கயே, என் முன்னால குடுங்க," என்றார் மிஸ்ஸி. கொடுத்தோம். தம்பி கடைசிச் சொட்டு வரை நக்கிவிட்டு, கரண்டியைப் பிடுங்க வந்தான். மச்சானை மகளுக்குத் துணையாகப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, மிஸ்ஸியிடம் மகளின் கதையைச் சொல்லிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். உதடு வீங்கவில்லை, தோல் தடிக்கவில்லை. ஏப்பம் மட்டும் வந்தது.

"சரி. இனி வாரா வாரம் விடாமக் குடுங்க. விட்டுட்டா உடம்பு மறந்தாலும் மறந்துரும். அக்காவுக்கு மட்டும் நீங்களா குடுத்துப் பாக்கவே கூடாது, அது டாக்டர் பாத்துச் சொல்ற வேலை," என்றார் மிஸ்ஸி.

தம்பியின் வாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மகளிடம் கொண்டுபோனோம். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப இவன் என் கட்சி இல்லையா?"

"இல்லம்மா. இவனுக்கு ஒத்துக்கிச்சு."

கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. அல்வா குடுக்கிறவங்ககிட்ட இனி என் பங்கையும் இவனுக்கே குடுக்கச் சொல்றேன். ஆனா என் பக்கத்துல வச்சுத் திங்கக் கூடாது." அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, தம்பிக்கு முட்டை எப்ப குடுப்பீங்க?"

"அடுத்த கிழமை."

"அதுக்கும் ஆட்டோல வருவோமா?"

"முட்டையெல்லாம் நம்ம வீட்டுக் குசினியில வச்சுத்தான்," என்றாள் என் மனைவி. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.