பிள்ளைக்கு ஊர் காட்டப் போன இடத்தில்

குழந்தைக்கு ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஒன்றை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட வேண்டும்: நாம் காட்டுவது ஒன்று, அது பார்ப்பது வேறொன்று.

பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே "மெட்ராஸுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவ?" என்ற கேள்விக்கு ஆளாகும் சக பெற்றோர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. தாம்பரத்தில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தேன். பள்ளியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு, குழந்தையோடு சென்னை பார்க்க வருகிற குடும்பங்களுக்கு ஒரு நாள் திட்டம் போட்டுக் கொடுத்து, கூடவே போய் வரும் வேலையை ஆரம்பித்தேன். ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை, சேலையூரில் என் வீட்டு ஹால்தான். ஆட்களும் இல்லை. நானும், வேன் ஓட்டும் குமாரும் மட்டும்தான். குமார் பிறந்து வளர்ந்ததெல்லாம் பல்லாவரம். எதற்கும் அசைய மாட்டார்.

ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதே. எங்கே இறங்கினாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார். வெயில் ஏறுவதற்கு முன் நடக்கிற இடம், ஏறிய பிறகு உட்காருகிற இடம். பசி வருவதற்கு முன்பே தயிர் சாதம். இதெல்லாம் டீச்சர் வேலை கற்றுக்கொடுத்தது. கீழே நான் சொல்லப் போகிறவற்றுக்கு அந்த அனுபவம் ஒன்றும் உதவவில்லை.

டாட்டா

விருதுநகர் குடும்பம். பெண் குழந்தைக்கு நாலு வயதுதான் இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவ்வளவு சின்னக் குழந்தை போரடித்து அழுதுவிடும் என்று நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். போகும்போது ஒவ்வொரு சிலைக்கும் 'ஹலோ', திரும்பும்போது ஒவ்வொன்றுக்கும் 'டாட்டா'. அந்தக் குழந்தைக்கு விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. யானைக்கு டாட்டா, சிங்கத்துக்கு டாட்டா, மூக்கு உடைந்த அம்மனுக்கு டாட்டா என்று ஓடிக்கொண்டே இருந்தாள். சண்டையில் செத்துப்போன வீரன் ஒருவனுக்காக நட்ட கல்லை மட்டும் பேசாமல் தாண்டி வந்துவிட்டாள். உள்ளே போகும்போது அதற்குத்தான் ரொம்ப நேரம் ஹலோ சொல்லியிருந்தாள்.

"இந்த மாமாவுக்கு டாட்டா இல்லையா?" என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். "அவருக்கு எதுக்கு டாட்டா? அவரு நம்ம கூடல்ல வாராரு" என்றது குழந்தை. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா எதுவும் கேட்காத மாதிரி செல்போனைப் பார்த்தார். வேனில் ஏறியதும் அந்தக் குழந்தை ஜன்னல் ஓரத்தை விட்டு ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தது. நான் விஷயத்தைக் குமாரிடம் மெதுவாகச் சொன்னேன். கதவை இழுத்துச் சாத்தப் போனவர், கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: "இன்னா மேடம், அந்தாளு ஏறிட்டாரா? சாத்திரட்டா?"

தண்ணி லாரி

இதில் பயம் ஒன்றும் இல்லை, துக்கம்தான். மேடவாக்கத்தில் ஒரு ஐ.டி. தம்பதி. மகனுக்கு மூன்று வயது. கலங்கரை விளக்கம், கோளரங்கம், மெட்ரோ, இன்னும் என்னென்னவோ எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்று அப்பா அட்டவணையே போட்டு அனுப்பியிருந்தார். நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. பையன் கலங்கரை விளக்கத்தில் தூங்கினான், கோளரங்கத்தில் அழுதான், மெட்ரோவில் வாந்தி எடுத்தான்.

திரும்பும் வழியில் கோவிலம்பாக்கத்தில் டிராபிக். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி, பின்பக்கக் குழாய் சரியாக மூடாமல் ரோடெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனது. காலையிலிருந்து சிரிக்காத பையன் அப்படியொரு சிரிப்புச் சிரித்தான். லாரி திரும்பிப் போனதும் என் துப்பட்டாவை இழுத்துக் கேட்டான்: "ஆன்ட்டி, நாளைக்கும் இந்த லாரி மட்டும் பாக்கலாமா?"

மஞ்சள் டேக்

கூட்டத்தில் குழந்தைகள் என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வதற்காகக் கழுத்தில் பட்டையான மஞ்சள் டேக் ஒன்று மாட்டிக்கொள்வேன். 'காணாமப் போனா மஞ்சள் டேக் ஆன்ட்டியத் தேடு' என்று வண்டியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவது வழக்கம்.

கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றோடு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தோம். விடுமுறைக் கூட்டம். அப்பா டிக்கெட்டைச் சட்டைப்பைக்குள் வைக்க மகனின் கையை விட்ட ஒரு நொடியில் பையனைக் காணவில்லை. ஹர்ஷித் என்று பெயர், ஐந்து வயது, சிவப்பு டீ-ஷர்ட். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காவலர்களிடம் சொன்னோம், மைக்கில் பெயரை அறிவித்தார்கள். குரங்குக் கூண்டு வரை ஓடினேன், யானை வரை ஓடினேன். ஒரு கட்டத்தில் முடியாமல், யாரும் இல்லாத ஒரு மூங்கில் புதர் பக்கம் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

அப்போது குமார் போன் செய்தார். பையன் வேன் பக்கத்தில் நிற்கிறான், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தனியாக நிற்கிறான் என்றார். போய்க் கட்டிக்கொண்டேன். எப்படிடா வந்தாய் என்றால், மஞ்சள் டேக் ஆன்ட்டி கூட்டி வந்தார்களாம். "நான் இங்கதானே இருக்கேன்" என்றேன். "நீங்க இல்ல. இன்னொரு ஆன்ட்டி" என்றான். பேசினார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இல்லை என்று. பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க மூங்கில்கிட்ட நின்னு அழுதீங்கல்ல, அப்ப நாங்க ரெண்டு பேரும் உங்களத்தான் பாத்துட்டிருந்தோம்" என்றான். நான் அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள் டேக் போட்ட வேறு யாரையும் அன்று முழுக்க நான் அங்கே பார்க்கவும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கச் சொன்னார்: "மறக்காம உங்க இன்னொரு ஸ்டாஃபுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க மேடம்."

கடலுக்கு முதுகு

நாமக்கல் குடும்பம். மகள் யாழினிக்கு ஏழு வயது, கடலைப் பார்த்ததே இல்லை. "வருசம் பூரா கடல் கடல்னு உசுர வாங்குன புள்ளைங்க" என்றார் அப்பா. மெரினா கூட்டத்தில் குழந்தை மிரளும் என்று ஈஞ்சம்பாக்கம் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக் கரைக்கு அழைத்துப் போனேன். நல்ல காலை வெயில், குளம் மாதிரி கடல்.

இறங்கி நாலு அடி நடந்தவள் அப்படியே நின்றாள். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "வா சாமி, காலு மட்டும் நனைப்போம்" என்று அப்பா கெஞ்சினார், அப்புறம் அதட்டினார். அசையவில்லை. மீன் கூடையோடு வந்த அக்கா ஒருத்தி, "இன்னாம்மா, கொய்ந்த ஏன் இப்டி குந்திகினு கீது? ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். யாழினி அவளிடம் மட்டும் பதில் சொன்னாள். "கூப்புடுது. எங்க வீட்ல யாராவது ஒருத்தரு வேணும்னு கூப்புடுது."

பயப்பட ஒன்றுமில்லை என்று மகளுக்குக் காட்டுவதற்காக அப்பா தானே இறங்கினார். கணுக்காலுக்கு மேல் வேண்டாம் என்றேன், தலையாட்டிக்கொண்டே முட்டி வரை போனார். காலுக்கடியில் மணல் உள்வாங்கியது. எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் ஒரு அலை. அடுத்து பார்க்கும்போது அவர் தலை தெரியவில்லை. அம்மா போட்ட கூச்சலில், கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் குதித்தார்கள். இழுத்துப் போட்டபோது அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கி, இருமி, மூச்சு வந்தது. மீன்கார அக்கா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இத்தனை நடந்தும் யாழினி திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்த பிறகுதான் காதிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, முதல் தடவையாகக் கடலைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பக் கூப்புடல. வாங்க, மணல் வீடு கட்டலாம்."

பொழிச்சலூர் அம்மா

இதைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒருவர் போனில் பேசி, தன் தங்கைக்கும் அவள் மகனுக்கும் ஒரு நாள் திட்டம் கேட்டார். வீடு பொழிச்சலூர். பையனுக்கு ஆறு வயது, ஏரோப்ளேன் தலைக்கு மேல் போகிற ஊரில் இருப்பதால் அதெல்லாம் பழகிவிட்டது, அவனுக்குத் தரையில் ஓடுகிறதுதான் பிடிக்கும் என்றார். பல்லாவரத்திலிருந்து கிண்டி வரை எலக்ட்ரிக் ட்ரெயின், பிறகு சிறுவர் பூங்கா, சாப்பாடு, ஊஞ்சல், ஐஸ்க்ரீம். அவ்வளவுதான் திட்டம்.

காலையில் போனால் வாசலில் அந்த அம்மா மட்டும் நின்றாள். நல்ல சேலை, தலை நிறையப் பூ, கையில் சின்னத் தண்ணீர் பாட்டில். வேன் கதவைத் திறந்ததும் "பாத்து ஏறு கண்ணா" என்று ஓரமாக நின்றாள். கொஞ்சம் பொறுத்துத் தானும் ஏறினாள். குமார் என்னைப் பார்த்தார். நான் தள்ளிப் போய் அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சொன்னா வர மாட்டீங்கன்னு பயந்துட்டேன் மேடம்" என்றார். "போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான். லீவுல ஊர் சுத்திக் காட்டறேன்னு அவகிட்ட வாக்கு வாங்கியிருந்தான். அதைச் செஞ்சு முடிக்காம அவ சாப்பிட மாட்டேங்கிறா. உங்களால முடியலன்னா பரவாயில்ல, இறக்கி விட்டுடுங்க."

இறக்கிவிட மனசு வரவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கடைசியில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதையே செய்தேன். காலி சீட்டுக்கு முன்னால் குனிந்து, "காணாமப் போனா மஞ்சள் டேக் ஆன்ட்டியத் தேடணும், சரியா?" என்றேன். முதலில் நாக்கு கூசியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு கூசவில்லை. ட்ரெயினில் ஜன்னல் ஓரத்தில் இடம் விட்டு உட்கார்ந்தோம். ஸ்டேஷன் பெயர்களை அவள் மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தாள். கூட்டம் இருந்தும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பூங்காவில் சாப்பிட்டோம். பிறகு ஊஞ்சல் பக்கம் போய் நின்றாள். ஒரு ஊஞ்சல் மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை, மரத்தில் இலை அசையவில்லை. யாரோ இறங்கிப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஊஞ்சல் காலியாகத்தானே இருக்கிறது, ஏறு என்றேன். அவள் என்னை முறைத்துவிட்டு, நேராக அந்த அம்மாவிடம் போய், "ஆன்ட்டி, அவன் ரொம்ப நேரமா ஆடறான். அடுத்தது எனக்கு விடச் சொல்லுங்க" என்றாள்.

குமார் ஓட்டி வந்த வேன் பூங்கா வாசலில் நின்றது. அந்த அம்மா ரொம்ப நேரம் ஊஞ்சலையே பார்த்தாள். அழவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலை ஊஞ்சல் பக்கத்துத் திட்டில் வைத்துவிட்டு, தனியாக நடந்து வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, பையன் ஏற இடம் விட்டு, நான் ஓரமாக நின்றேன். அவள் ஏறி உட்கார்ந்து, என் கையை விலக்கித் தானே கதவை மூடினாள். ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அவனுக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்காம் மேடம். இருக்கட்டும். என்னை மட்டும் வீட்ல விட்டுடுங்க."

வருகிற குழந்தைகள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. பதில் சரியாக இருக்கும் என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.