வெந்நீரில் அசையாத முள்

எங்கள் லாஞ்சில் என் நாத்தனாருக்கு என்று ஓர் இடம் உண்டு. இடது பக்கம், என்ஜின் பெட்டியை ஒட்டி, தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே. என்ஜினைச் சுற்றி வந்து அதன் சூட்டை வாங்கிக்கொண்ட ஏரித் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே கொட்டும். மீன்கூடை தூக்கிய கையில் ஒரு கொழகொழப்பு இருக்கும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் போய்விடும். அதனால் லாஞ்சு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அதில் கை கழுவுவார்கள். முதல் கை நாத்தனாருடையது. நான் வலது பக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை பேரைத் தாண்டிப் போய்க் கை கழுவ எனக்குக் கூச்சம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் எங்கள் ஊர். மீன் விற்க வேண்டுமென்றால் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுவரை கழி ஊன்றித் தள்ளும் படகில்தான் எல்லாரும் போய்வந்தார்கள். என் வீட்டுக்காரர் வலைப்பங்கை விட்டுவிட்டு, டீசல் என்ஜின் போட்ட பழைய லாஞ்சு ஒன்றை ஆள் ஏற்றிப்போக வாங்கினார். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். என்ஜின் சூடேறிப் பிடித்துக்கொண்டால் மறுபடி அடுத்தவர் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அந்த லாஞ்சில் அவருக்கு மிகவும் பிடித்தது சூடு காட்டும் மீட்டர். சுக்கானுக்கு எதிரே, கண்ணாடி போட்ட சின்ன வட்டம், உள்ளே ஒரு முள். அதன் முதுகிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி, பலகையோரமாக ஓடி என்ஜினுக்குப் போகும். அதன் நுனியில் விரல் பருமனில் ஒரு குமிழ். அதை என்ஜின் தலையில் முடுக்கியிருக்கும். குமிழுக்குள் இருக்கிற மருந்து சூட்டில் பொங்கிக் குழாய் வழியாகத் தள்ளும், முள் ஏறும் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு அந்தக் கண்ணாடியில் பொட்டு வைக்கும்போதுகூட எண்கள் மறையாத இடமாகப் பார்த்து வைப்பார்.

செம்புக் குழாய் என்ஜினை நெருங்கும் இடம் கதகதப்பாக இருக்கும். பெண்கள் தங்கள் சும்மாட்டை, அதாவது கூடைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் துணியை, அதன் மேல் போட்டு உலர்த்துவார்கள். மீன் தண்ணீரும் உப்புமாக ஊறிய துணி. இதையும் தொடங்கி வைத்தது நாத்தனார்தான்.

"அது கொடி இல்லக்கா. மீட்டர் குழா" என்றார் இவர், ஆரம்பத்தில்.

"போடா. ஒரு துணி போட்டா உன் லாஞ்சி முழுகிடுமா?"

இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு இவர் விட்டுவிட்டார். அக்காவை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. புருஷன் போனபிறகு கூடை தூக்கித் தம்பியை வளர்த்தவள். அந்த உரிமை குரலிலேயே இருக்கும்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து ஏரி கலங்கிக் கிடந்தது. எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் முள், சில நாளாக அடியிலேயே படுத்திருந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம். "புதுத்தண்ணி வந்தாவே தனி. குளுகுளுன்னு ஓடுது பாரு" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஒருநாள் காலை, கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருப்போம். கையை நீட்டிய நாத்தனார் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"டேய், தண்ணி சுடுது."

"சுடாம ஜில்லுனா வரும்? என்ஜின் தண்ணிக்கா அது."

"தினம் இதுல கை கழுவுறவ நானு. இது கை கழுவுற சூடு இல்ல, கோழிக்கு எறகு புடுங்குற சூடு. தண்ணியும் ஒல்லியா வருது."

"முள்ளு அடில கீதுக்கா. வந்து பாரு."

"உன் முள்ளு இன்னா, என் கையவிட ஒசத்தியா?"

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "ஐஸ்ல வெச்சி வெச்சி அக்கா கை மரத்துப் போச்சி. எது தொட்டாலும் சுடுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிங்கடி. நடு ஏரில நின்னா, கூடைய தலைல வெச்சிகினு நடந்து போங்க."

பழவேற்காட்டில் இறங்கியதும் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள். "இத இன்னான்னு பாரு. பாக்காம சாய்ந்தரம் நான் ஏற மாட்டேன்."

"ஏறாத" என்றார் இவர். முகம் சிவந்துபோயிருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் பொன்னேரியிலிருந்து திரும்பி வந்த நாத்தனார் நேராகக் கழிப் படகுக்கு நடந்தாள். காலையில் சிரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அவள் பின்னாலேயே போனார்கள். லாஞ்சில் நான் மட்டும்தான் ஏறினேன்.

பாதி ஏரி வரை முள்ளைப் பார்த்தபடியே ஓட்டினார். அப்புறம், "இந்தா, இதப் புடி" என்று சுக்கானை என்னிடம் கொடுத்தார். நான் அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய் அக்காவின் இடத்தில் மண்டியிட்டு, குழாயில் விழும் தண்ணீரில் கையை நீட்டினார்.

நீட்டிய வேகத்தில் எடுத்துவிட்டார். மறு நிமிடம் என்ஜினை நிறுத்திவிட்டார்.

தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஒரு சல்லடை உண்டு. அதைத் திறந்தால், புதுத்தண்ணீரில் அடித்து வந்த பாசியும் சேறும் கொண்டை போட்டாற்போல அடைத்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். என்ஜின் பெட்டியிலிருந்து அனல் அடிக்கிறது. முள் அடியில் படுத்திருக்கிறது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்க்கவில்லை. நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவன் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

என்ஜின் ஆறட்டும் என்று கழியை எடுத்து ஊன்ற ஆரம்பித்தார். கழிப் படகு எங்களைத் தாண்டிப் போனது. "லாஞ்சி இன்னா, நடந்து வருது?" என்று யாரோ கேட்டார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"கயிறு போடட்டுமாடா?"

"வேணாம்க்கா. ஆழம் இல்ல."

வீட்டுக்குப் பின்னால் லாஞ்சைக் கட்டினதும், என்ஜினில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டு, குமிழைக் கழற்றி, குழாயையும் மீட்டரையும் அப்படியே சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தார். நான் உலை வைத்திருந்தேன்.

"கொதிக்குதா?"

"சோத்துல டீசல் நாத்தம் வரும்" என்றேன். வேறு ஒரு பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் மாற்றி வைத்துக் கொடுத்தேன். மீட்டரை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் குமிழை இறக்கினார்.

"நவுருதா?"

"இல்லிங்க."

"இப்ப?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். நகரவேயில்லை. விறகை இழுத்துவிட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே பச்சையாகக் களிம்பு பூத்து, உப்பு ஒட்டியிருந்தது. சுரண்டினால் அடியில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. உள்ளே இருந்த மருந்து அது வழியாகப் போயே போய்விட்டது. அந்த உப்புக்குள் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது.

சிவப்புப் புடவையைக் கிழித்துச் சும்மாடு சுற்றுகிறவள் எங்கள் லாஞ்சில் ஒருத்திதான். நான் அவரைப் பார்த்தேன். அவர் நூலை நகத்தால் எடுத்தார். அடுப்பில் போட்டார்.

"உப்பு தின்னுட்ச்சி" என்றார். அவ்வளவுதான்.

என்ஜின் தெரிந்த ஆம்பளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு யாருடையது என்று கண்டுபிடித்தால் அதை ஊரைக் கூட்டிச் சொல்லுகிறவர்கள்தான் அதிகம். முன்னமே சொல்லியும் கேட்காதவர்களிடம் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுவதற்கு ஒரு நூல் கிடைத்தும், அதை நெருப்பில் போட்டவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் பட்டணத்துக்குப் போனார். பழைய சாமான் கடை ஒன்றில் அதே மாதிரி மீட்டர் இருந்ததாம். வாங்குவதற்கு முன்னால் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டீயை வரவழைத்து, அதில் குமிழை விட்டுப் பார்த்திருக்கிறார். முள் சரசரவென்று ஏறியதாம். "இன்னா தலைவரே, சக்கர போதுமானு பாக்குறியா?" என்று கடைக்காரர் கேட்டதை வீட்டில் வந்து சொல்லி அவரே சிரித்தார். அந்த டீயைக் குடித்தீர்களா என்று கேட்டேன். மீட்டரைச் சுற்றிய காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் இன்னொரு தடவை வெந்நீரில் விட்டுப் பார்த்தோம். இந்த முறை "நவுருது, நவுருது" என்று நானே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். குமிழுக்கு அடியில் போடும் செம்பு வாஷர் பழையதுதான். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அப்படிச் செய்தால் செம்பு மெத்தென்று ஆகி நன்றாக உட்காருமாம், தண்ணீர் கசியாதாம். குமிழை முடுக்கி, குழாயை இந்தத் தடவை பலகையோரமாக விடாமல் மேலே கூரைச் சட்டத்தை ஒட்டிக் கொண்டுபோனார். பழைய ரப்பர் செருப்பை நறுக்கி, அங்கங்கே அணைப்புக் கொடுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும், பழைய குழாய் போன அதே இடத்தில், அதே உயரத்தில், ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். அது என்ஜினுக்கு எதற்கும் வேண்டியதில்லை.

கரையில் கட்டியபடியே என்ஜினை ஓட்டிப் பார்த்தார். முள் மெல்ல ஏறி, பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பிறகும் போய்க் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். அப்புறம், காலையில் வந்து ஏறச் சொல்லிவிட்டு வர, அக்கா வீட்டுப் பக்கம் நடந்து போனார்.

விடிந்ததும் நாத்தனார் கூடையோடு வந்தாள். அவள் ஏறுகிறாளா என்று பார்ப்பதற்காகவே மற்றவர்கள் கரையில் நின்றார்கள்.

"இன்னா ஆச்சாம் உன் முள்ளுக்கு?"

"செத்துப் போய் கெடந்துதுக்கா. நீ சொன்னதுதான் சரி. சல்லட அடச்சிகினு, என்ஜின் வெந்து கெடந்துது. இன்னும் ரெண்டு நாளு ஓட்டியிருந்தா கத முடிஞ்சிருக்கும்."

எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார். அவள் ஏறினாள். தன் இடத்துக்குப் போனவள் கயிற்றைப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"உனக்குத்தாங்க்கா. சும்மாடு போட."

நாத்தனார் கயிற்றைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி, கூரையோரமாகப் புதிதாகப் போகும் செம்புக் குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்துக்கொண்டேன். அவள் ஈரத் துணியை மடியிலேயே சுருட்டி வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் இவர் திரும்பாமலே கேட்டார்.

"எப்டிக்கா கீது தண்ணி?"

அவள் குனிந்து கையை நீட்டினாள். அவசரப்படாமல் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினாள்.

"கை கழுவுற சூடுதான். உன் முள்ளு இன்னா சொல்து?"

"அதேதாங்க்கா சொல்து."

"அப்ப சரி, ஓட்டு" என்றாள். மடியில் இருந்த சிவப்புத் துணியை எடுத்து, உதறி, கயிற்றில் போட்டாள். பிறகு வலது ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்து, "இன்னாம்மே, உனக்குக் கை இல்லியா? வந்து கழுவு" என்று தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.