தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

கட்சி உடைந்த அன்றைக்கு எங்கள் கட்சி ஆபீஸ் தையல் மெஷினும் இரண்டானது. தலை மாமாவோடு போனது. கால் அப்பாவிடம் நின்றது.

ஆபீஸ் தேக்கா பக்கம், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி. கீழே மிளகாய் அரைத்தால் மேலே கூட்டத்தில் தலைவர் முதல் தொண்டர் வரை தும்முவார்கள். அப்பாவும் மாமாவும் ஒன்றாகக் கட்சியில் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. வேலை முடிந்தால் அப்பாவின் சைக்கிளில் நோட்டீஸ் ஒட்டக் கிளம்புவார்கள். மாமா மிதிப்பார். அப்பா பசை வாளியோடு பின்னால் உட்கார்ந்திருப்பார். மாமா அம்மாவின் தம்பி. சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

ஆபீசில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. மெஷின் ஒன்றே ஒன்று, காலால் மிதிப்பது. அதில் அம்மா எனக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணி. காதுகுத்துக்குப் போட.

எனக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போனது. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். மூன்றில் எனக்கு அம்மை போட்டது. ஐந்தில் தேர்தல் வந்தது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் சாப்பிடவே நேரமில்லை. ஏழில் நாள் பார்த்தார்கள். கட்சி உடைந்தது.

மேலே தலைவர்களுக்குள் என்னவோ ஆகிவிட்டது. பாதிப் பேர் வெளியே போனார்கள். போனவர்கள் தாங்கள்தான் உண்மையான கட்சி என்றார்கள். இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். மாமா போனார். அப்பா இருந்தார்.

போகிறவர்கள் சும்மா போகவில்லை. நாற்காலி, கேரம் போர்டு, சுவர்க் கடிகாரம் எல்லாம் மாடிப்படியில் இறங்கின. தையல் மெஷினை மாமா ஒரு பக்கம் பிடித்தார். அப்பா மறுபக்கம் பிடித்தார்.

"விடுங்க அத்தான். நாங்க தெருத் தெருவா உண்டியல் குலுக்கி வாங்குனது."

"நாங்கன்னா யாருடா? நானுந்தானே குலுக்குனேன்?"

"நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்களே."

"நான் நின்ன எடத்துலதான்டா நிக்கிறேன். நீதான் நகந்துட்டே."

இழுத்த இழுப்பில் மெஷினின் தலை கழன்று மாமா கையோடு வந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஊசிக்குக் கீழே என் கவுன் மாட்டியிருந்தது. அது மாமா முதுகில் கொடி மாதிரி ஆடியது.

"தம்பி, புள்ளையோட கவுனுடா!" என்று அம்மா கத்தினாள். மாமா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் அவர் ஆட்கள். நடந்துவிட்டார்.

புது ஆபீஸ் ஜாலான் புசாரில் திறந்தார்கள். தலை இல்லாத மெஷின் இங்கே, கால் இல்லாத மெஷின் அங்கே. இரண்டு இடத்திலும் தையல் வகுப்பு உண்டு என்று பலகை தொங்கியது.

மாமா சாப்பிட வருவது நின்றது. அப்பாவுக்குச் சைக்கிள் மிதித்துப் பழக்கமில்லை. பசை வாளியை ஹேண்டிலில் மாட்டி, தள்ளிக்கொண்டே போவார்.

காதுகுத்து நெருங்கியது.

"என் தம்பி மடி போதும். உன் தம்பி வந்தா நான் கோயிலுக்கு வரமாட்டேன்," என்றார் அப்பா.

"கட்சியில ஆளை மாத்திக்குங்க. தாய்மாமனை எப்படி மாத்துறது லா?" என்றாள் அம்மா. "அவன் இல்லேன்னா காதுகுத்தே வேணாம். ஒம்பது வயசுல பாத்துக்கலாம். அதுக்குள்ள இன்னும் எத்தனை கட்சி வருதோ."

மாமா எனக்குச் சிவப்புக்கல் தோடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது வயது என்றதும் நான் அழ ஆரம்பித்தேன். சோறு வைத்தும் நிறுத்தவில்லை. அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

"எங்க?"

"கூட்டம்."

"இன்னைக்கு ஏது கூட்டம்?"

"அவசரக் கூட்டம்."

சைக்கிளில் ஏறி, கோணல் மாணலாக மிதித்துப் போனார். திரும்பி வந்தபோது சட்டைக் கையெல்லாம் கறுப்பு எண்ணெய். கிரேனில் பட்டுவிட்டது என்றார். அம்மா சட்டையை வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்தாள். வாளியில் ஊற வைத்தாள். மறுநாள் காலையில் அப்பா சுவரைப் பார்த்து, "உன் தம்பி வந்தா வரட்டும்," என்றார்.

மாமா வந்தார். கோயிலில் அப்பா ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மாமா வேறு தூணுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவிடம் பொட்டலத்தை நீட்டினார். சிவப்புக்கல் தோடும் மஞ்சள் கவுனும் இருந்தன. கவுனில் பாதித் தையல் அம்மாவுடையது, நேராக ஓடியது. மீதித் தையல் குடிகாரன் நடந்த மாதிரி இருந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"யாருடா தைச்சது?"

"நான்தான்க்கா."

"மெஷினுக்குத்தான் கால் இல்லையே?"

"மேசையில தூக்கி வச்சு, சக்கரத்தைக் கையால சுத்துனோம்."

"சுத்துனோமா? நீ துணியைப் பிடிச்சா, சுத்துனது யாரு?"

"தோழர் ஒருத்தரு."

"எந்தப் பக்கத்துத் தோழரு?"

மாமா தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். அப்பா தூணைப் பார்த்தபடி, "நேரமாவுது. குத்தச் சொல்லு," என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறமும் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வெகுகாலம் ஆனது. ஆனால் மாமா சாப்பிட வந்தார். "உன் தம்பிக்கு மீன் வை," என்பார் அப்பா. "அத்தானுக்கு வச்சியாக்கா?" என்பார் மாமா.

காதுகுத்து அன்று கோணல் கவுனைப் போட்டுக்கொண்டு மாமா மடியில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. எதையாவது பேசினால் தேவலை என்று தோன்றியது.

"அந்தத் தோழரை ஏன் மாமா கூட்டிட்டு வரலை?"

"அவரு வேற கட்சிம்மா," என்றார் மாமா.

நான் ஆடாமல் இருக்க அப்பா வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. வேறு கட்சிக்காரர் எதற்காக எனக்குக் கவுன் தைக்க வேண்டும் என்று யோசித்தேன். அதற்குள் ஊசி இறங்கிவிட்டது.