டிரையருக்குப் பிடித்த பேய்

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை காயவைக்கும் டிரையர் அவ்வப்போது அதைக் கருக்குவதாகவும், அதற்குப் பேய் பிடித்துவிட்டதாகவும் என்னை அழைத்தார்கள். அழைத்தவர் மேனேஜர். பேய் என்பது தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவத்தைக் கவனிக்கும் டீமேக்கரின் கண்டுபிடிப்பு. கட்டுப்பாட்டுப் பெட்டியில் எலுமிச்சம்பழம் கட்டியவரும் அவர்தான். மென்பொருள் எழுதிய கொழும்புக் கம்பனியோ, தொலைபேசியிலேயே நோய் கண்டுபிடித்து, சூட்டை அளக்கும் சென்சரை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னது. அதைவிட எலுமிச்சம்பழம் மலிவு.

நான் வட்டகொடையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தொழிற்சாலைக் கணினிகளின் கோளாறுகளைச் சரிசெய்து பிழைக்கிறேன். பேயோட்டுவதும் அதில் அடக்கம் என்று அன்றுதான் தெரிந்தது.

"எப்பங்க கருகுது?" என்று டீமேக்கரைக் கேட்டேன்.

"கொழுந்து கொறைவா வந்துக்கிட்டிருந்து, திடீர்னு கூடும் பாருங்க மிஸ், அப்ப பட்டன அமுக்கி ஓட்டுற முறைய மாத்துவேன். சில தடவ நல்லா ஓடும். சில தடவ கரிதான்."

காலை முழுவதும் அந்தப் பட்டனை அழுத்தி அழுத்தி நிரலைக் கவனித்தேன். உள்ளே இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடின. ஒன்று, பட்டனை அழுத்தியதும் புதிய முறையின் எண், சூடு, தேயிலையைச் சுமந்து நகரும் தட்டுகளின் வேகம் என்று வரிசையாக எழுதும். மற்றது டிரையரை ஓட்டும்; எண் மாறியதைக் கண்டதும் மற்ற இரண்டையும் ஒரே ஒரு தடவை எடுத்துக்கொண்டு போய்விடும். சூட்டை எழுதி, வேகத்தை எழுதுமுன் இது மூக்கை நுழைத்தால் தொலைந்தது. புதிய கூடின சூடு, பழைய மந்த வேகம். தேயிலை கரியாகாமல் என்ன செய்யும்?

மூன்றையும் முதலில் தனியிடத்தில் எழுதவைத்தேன். எழுதி முடித்தால்தான் "தயார்" என்று அடையாளம் விழும். டிரையர் அதைப் பார்த்துத்தான் மொத்தமாக எடுத்து, அடையாளத்தை நீக்கும். நீக்கும்வரை எழுதுகிற வேலை அங்கே கை வைக்கக் கூடாது. மாலை வரை எத்தனை முறை மாற்றியும் ஒரு சிட்டிகைகூடக் கருகவில்லை. எனக்குச் சின்னதாக ஒரு கர்வம் வந்தது.

மேனேஜர் மட்டும் தயங்கித் தயங்கி வந்தார்.

"மிஸ், கருகின தேயிலை சாம்பிள் ஒண்டு தவறுதலா வெளிநாட்டுக்காரர் ஒருத்தருக்குப் போயிருச்சு. புகை வாசம் பிரமாதமாம். இன்னும் கேக்கிறார். அந்தப் பிழைக்கு ஒரு பட்டன் வைக்க ஏலுமா?"

வேடிக்கை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது எப்ப வரும்னு அதுக்கே தெரியாதுங்க சார். முடியாது."

டீமேக்கர் குறுக்கிட்டார். "பட்டன் எதுக்குங்க தொர? டிரையர விட்டுட்டு நான் வெளிய போயி என் சம்சாரத்தோட போன்ல பேசுறேன். தன்னால கருகிரும்."