வரம்பில் நடக்கப் பழகிய ஐயா

பிள்ளைகள், தொண்ணூறுகளின் முற்பகுதியில் நாங்கள் வட்டக்கச்சியில் இருந்தபோது நடந்தது இது. நீங்கள் அப்போது மிகவும் சின்னவர்கள்.

உங்கள் அப்பப்பா, என் ஐயா, நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியபின் கால் தள்ளாடத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடிப்பார். இந்த விதைப்புக்கு வயலுக்கு நடந்து போக முடியாவிட்டால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அதைச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தா. கை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்ப வேண்டும். கதிரையின் முதுகைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மற்றக் காலின் குதியை வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். ஐயாவுக்கோ வெட்கம். அறைக்குள்தான் செய்வார்.

பக்கத்துக் காணிக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், ஏறத்தாழ ஐயாவின் வயதுதான். ஒருநாள் யன்னலால் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னாண்ணே, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிறீங்க? மீனு ஏதும் மாட்டுச்சா?"

"நீர் நிண்டு காட்டும் பாப்பம்!"

நின்றார். நின்றதும் ஆடிப்போய் அலுமாரியைக் கட்டிப்பிடித்தார். காய்ச்சலுக்குப் பிறகு ஐயா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதன்பின் இருவரும் முற்றத்திலேயே செய்தார்கள். வேலிக்கு வெளியே சனம் சிரித்தது. அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதல் மழை விழுந்ததும் அவர்கள் இருவரும் நானுமாக வயலுக்குப் போனோம். வரம்பில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க இடமில்லை. அதனால் நான் வயலுக்குள் இறங்கி நடந்தபடி ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேட்டில், நான் பள்ளத்தில். என் பிடியே அவரைச் சரித்தது. இருவரும் சேற்றுக்குள் விழுந்தோம்.

"விடடா கையை! நீ இழுத்துத்தான் விழுந்தனான்."

ஐயா எழும்பி மறுபடி வரம்பில் ஏறினார்.

"என் காலப் பாத்து வாங்கண்ணே" என்று பக்கத்துக் காணிக்காரர் முன்னால் போனார்.

கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி, ஓரடியில் நின்று மற்ற அடி வைத்து, வாய்க்கால் வரைக்கும் ஐயா தானாகவே நடந்து போனார். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குத்தகைக் கதையை விடு. விதைநெல்லை ஊறப்போடு."

தாங்குவதென்றால் பிடித்துக்கொண்டே இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிட்ட நின்றாலே போதுமான நேரங்களும் உண்டு, பிள்ளைகள். நீங்கள் நடை பழகியபோதும் எனக்கு அதுதான் உதவியது.

அன்று ஐயாவும் அவருடைய நண்பரும் வீட்டுக்குப் போனபின் நான் தனியே நின்று மண்வெட்டியால் வரம்பு செதுக்கினேன். இரண்டு பக்கங்களையும் செதுக்கிவிட்டு, அவர்களுடைய காலடிகள் பதிந்திருந்த மேற்பக்கத்தை மட்டும் அன்றைக்குத் தொடாமல் விட்டேன்.