கம்பங்களுக்குப் பின்னால்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நான் தனியாக நடக்கப் போகும் பள்ளி மைதானத்தில் அந்த அங்கிளைப் பார்ப்பேன். வழுக்கைத் தலை, கழுத்தில் கழற்ற மறந்த அலுவலக அடையாள அட்டை. மகன் கோல் கம்பங்களுக்கு நடுவே உயர உதைத்தனுப்பும் அமெரிக்கன் ஃபுட்பால் பந்துகளை, ஒரு காலை லேசாக இழுத்தபடி ஓடிப் பொறுக்கி வருவார்.

மகனை இரண்டு கல்லூரி அணிகள் கூப்பிட்டன. அங்கிள் என்னிடம் யோசனை கேட்டபோது ஸ்காலர்ஷிப், கோச், தூரம் என்று வரிசையாக ஒப்பிட்டு, பக்கத்திலிருந்த ஹூஸ்டன் கல்லூரியே நல்லது என்றேன். அவருக்கும் அதுதான் ஆசை. பையன் தொலைவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தான்.

அவன் போன பிறகு, ஒரு மாலை காரணம் கேட்டேன்.

“என் முழங்கால்தாம்மா. ‘டாட், நான் பக்கத்துல இருந்தா யூ வில் கீப் ரன்னிங்’னுட்டான்.”

“பாசமான பையன், அங்கிள்.”

“பாசம்தான். ஆனா வலிக்குதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?”

மைதானம் முழுவதும் காலியாக இருந்தது. அவர் கம்பங்களுக்குப் பின்னால் மட்டுமே நடந்துகொண்டிருந்தார்.