பழத்தோலுக்கு வந்த மான்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் இதை எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரில் மான்கள் வீதிகளில் திரியும். அவை எங்கே மேய்கின்றன, எங்கே படுக்கின்றன என்று ஆராய வந்த ஒரு மிஸ், காது கிழிந்த பெண்மான் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார். நாள் முழுதும் அதன் பின்னால் போய், அரை மணிக்கொரு தடவை இடத்தைத் தாளில் குறிக்க வேண்டும்.

எனக்குக் கூச்சம் அதிகம். கடைத்தெருவில், "என்ன அக்கா, மானுக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களோ?" என்று மீன்காரர் கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் பஸ் போகும் வீதியோரம் ஒரு வேம்பின் கீழ் உட்கார்ந்து, வாழைப்பழத் தோல் போட்டு அதை வரப் பழக்கினேன். தாள் முழுதும் வேம்படி என்றே எழுதினேன்.

"இதுக்கு இந்த இடம் நல்லாப் பிடிச்சிருக்கு, என்னக்கா?" என்று மிஸ் சந்தோஷப்பட்டார்.

"ஓம் மிஸ்."

ஒருநாள் காலை பிந்திப் போனேன். எதிர்ப்பக்கம் நின்ற மான் என் பழத்தோல் பையைக் கண்டதும் வீதியில் இறங்கியது. பஸ் ஹோன் அடித்தது. மான் திரும்பவில்லை. அடிபடும்வரை என் பையையே பார்த்துக்கொண்டு வந்தது.

"கவனமான மான், ஏன் குறுக்கே போனது?" என்று மிஸ் அழுதார்.

"நான்தான் பழக்கினனான், மிஸ்" என்றேன். அவர் என் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டார்.

இன்றும் பழம் உரிக்கும்போது யாரோ பார்ப்பது போலிருக்கிறது.

மான் செத்த மறுநாள் வெறுங்கையோடு வேம்படிக்குப் போனேன். வேறு மூன்று மான்கள் அங்கே காத்து நின்றன.